உடம்பு கேட்பது குளுக்கோசு, நாம் கொடுப்பது சீனி

சென்ற மாதம் கொக்குவிலில் உள்ள என் தமக்கையின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் தாழ்ந்த நேரம். வழக்கம்போல் தேநீர் போட எழுந்தாள். "எனக்குச் சீனி போடாதை பிள்ளை" என்றேன். எட்டு ஆண்டுகளாக நான் நீரிழிவுக்காரன் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆயினும் முகம் சற்று வாடிவிட்டது.

"ஒரு கரண்டி எண்டாலும் போடுறனே மாமா? ஒண்டும் போடாமல் விட்டால் மூளை என்னெண்டு வேலை செய்யும்? மூளைக்குச் சீனி வேணுமெண்டு இவளின்ரை விஞ்ஞானக் கொப்பியிலையே கிடக்குது."

"இவள்" என்பது பத்தாம் தரத்தில் படிக்கும் அவளது மகள். சிறுமி தன் பெயர் அடிபட்டதும் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டாள். நான் அப்போதைக்கு வாதாடவில்லை. வெறும் தேநீரை வாங்கிக் குடித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. காரணம், அதே கருத்தை ஒரு காலத்தில் அச்சில் ஏற்றி ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உடம்புக்குச் சீனி வேண்டும் என்பது நம்மிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட ஒரு நம்பிக்கை. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஓடி முடித்து வரும் பிள்ளைகளின் உள்ளங்கையில் குளுக்கோசு மாவைக் கொட்டுவார்கள். வெள்ளைத் தூள் மூக்கிலும் சட்டையிலும் அப்பியிருக்க, நக்கிக்கொண்டே அடுத்த போட்டிக்குப் போவோம். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள் குளுக்கோசுப் பெட்டியும் பிஸ்கற்றும் கொண்டு போவார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குச் சீனி கூடிய பால்தேநீர் போகும். தோட்டத்தில் கொத்திவிட்டு வருபவருக்கும் அதுவே. இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுப் படலையைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு சுண்டு சீனிக்காகத்தான் வருவார்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஏனெனில் குழப்பம் முழுவதும் சொல்லிலேயே இருக்கிறது. ஈழத்தில் நாம் சீனி என்பதைத் தமிழகத்தார் சர்க்கரை என்பர். நமக்குச் சர்க்கரை என்பது பொங்கலுக்குப் போடும் மண்ணிறப் பொருள். இரண்டு நாட்டிலும் வைத்தியர் குருதியைச் சோதித்துவிட்டு "இரத்தத்தில் சீனி" என்றோ "சர்க்கரை" என்றோதான் சொல்கிறார். நோய்க்கும் அதே பெயர்: இங்கே சீனி வருத்தம், அங்கே சர்க்கரை நோய். ஆங்கிலத்திலும் நிலைமை வேறல்ல. குருதியில் ஓடுவதும் கடையில் நிறுத்துத் தருவதும் ஒரே பொருள் என்று ஒரு சாதாரண மனிதன் நினைத்தால் அது அவன் குற்றமன்று.

குருதியில் ஓடுவது குளுக்கோசு. கடையில் நிறுத்துத் தருவது சுக்குரோசு. சுக்குரோசின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோசு ஒன்றும் பிரக்டோசு ஒன்றும் கைகோத்து நிற்பது. குடலில் அந்தக் கை அறுந்து, பாதி குளுக்கோசாகவும் பாதி பிரக்டோசாகவும் உள்ளே போகிறது. குளுக்கோசை உடம்பின் எல்லாக் கலங்களும் பயன்படுத்தும். பிரக்டோசின் பெரும்பகுதியைக் கையாளும் பொறுப்பு ஈரலின் தலையில் விழுகிறது. அளவுக்கு மீறி வந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். உணவில் பிரக்டோசு இல்லாவிட்டால் இயங்காது என்று சொல்லத்தக்க உறுப்பு எதுவும் மனித உடலில் இல்லை.

குளுக்கோசின் கதை வேறு. மூளைக்கு அது வேண்டும் என்று என் மருமகள் சொன்னது முழுப் பொய்யன்று. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோசு அதற்குச் செலவாகிறது. செங்குருதிக் கலங்களுக்கோ குளுக்கோசைத் தவிர வேறு எரிபொருளே கிடையாது. இவ்வளவு இன்றியமையாத ஒரு பொருளை, நாம் தேநீரில் கரண்டியால் போடுவதை நம்பியா உடம்பு வைத்திருக்கும்?

இதற்கான விடையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். பிரான்ஸ் நாட்டின் குளோட் பேர்ணார், நாய்களுக்கு இறைச்சியை மாத்திரம் உணவாகக் கொடுத்துப் பார்த்தார். இனிப்போ மாப்பொருளோ ஒரு துளியும் இல்லை. அப்படியிருந்தும் ஈரலில் இருந்து வெளியேறும் குருதியில் குளுக்கோசு இருந்தது. பிறகு ஓர் ஈரலை எடுத்து, அதில் சீனிச் சத்தே இல்லாது போகும்வரை நீர் பாய்ச்சிக் கழுவினார். மறுநாள் வந்து பார்த்தபோது அதே ஈரலில் மீண்டும் சீனிச் சத்து ஊறியிருந்தது. விலங்கின் உடலால் குளுக்கோசை ஆக்க முடியாது, அது உணவிலிருந்தே வரவேண்டும் என்று அதுவரை நம்பியிருந்த விஞ்ஞான உலகிற்கு இது பெரிய அதிர்ச்சி. ஈரல் சேமித்து வைக்கும் கிளைக்கோசன் என்ற பொருளை 1857 இல் அவரே பிரித்தெடுத்தார்.

நம் ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோசன் இருப்பில் இருக்கும். தசைகளில் அதைப்போல் நான்கு மடங்கு. நாம் தூங்கும்போது ஈரல் அதைச் சிறிது சிறிதாக உடைத்துக் குருதிக்குள் விடுகிறது. இருப்புக் குறையும்போது புரதத்தின் அமினோ அமிலங்களில் இருந்தும், கொழுப்பில் உள்ள கிளிசரோலில் இருந்தும் புதிதாகக் குளுக்கோசை ஆக்குகிறது. பட்டினி நீண்டால் கொழுப்பிலிருந்து கீற்றோன்கள் என்ற மாற்று எரிபொருளை ஆக்கி மூளைக்கு ஊட்டுகிறது. 1967 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோர்ஜ் காஹில் குழுவினர், ஐந்து ஆறு வாரங்கள் உண்ணாதிருந்த பருத்த உடலினரை ஆராய்ந்து, மூளையின் எரிபொருளில் பெரும்பங்கைக் கீற்றோன்களே தருவதைக் காட்டினர்.

நமக்குப் பொஸ்ரன் வரை போக வேண்டியதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கும் கிழவிகளை நாம் பார்த்திருக்கிறோம். மிளகையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. சூரன்போரன்று கோயில் வீதியில் நின்று, யார் வீட்டுப் பெண் யாருடன் கதைத்தாள் என்பது வரை கவனித்து வந்து சொல்வார்கள். அவர்களது மூளை நின்றுவிட்டதாக ஒருவரும் முறையிட்டதில்லை.

போசாக்கு விஞ்ஞானத்தில் "இன்றியமையாதது" என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. உடம்பால் தானே ஆக்க முடியாதது, ஆகவே உணவில் வந்தேயாக வேண்டியது. அந்த வகையில் ஒன்பது அமினோ அமிலங்கள் உண்டு. இரண்டு கொழுப்பமிலங்கள் உண்டு. விற்றமின்களும் கனியுப்புக்களும் உண்டு. அந்தப் பட்டியலில் சீனி இல்லை. சோறு, பாண், கிழங்கு, பருப்பு, பழம் எதை உண்டாலும் குளுக்கோசு வந்துவிடும் என்பது ஒருபுறம். வராவிட்டாலும் ஈரல் ஆக்கிக்கொள்ளும் என்பது மறுபுறம். சீனியில் இருப்பது கலோரி மாத்திரமே. புரதமில்லை, விற்றமின் இல்லை, நார் இல்லை.

இன்னொரு கணக்கு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சுகதேகியான ஒருவரின் உடம்பில் உள்ள சுமார் ஐந்து லீற்றர் குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசின் அளவு ஏறத்தாழ ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டி அளவைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் காப்பதற்காகவே சதையியும் ஈரலும் இரவும் பகலும் உழைக்கின்றன. நாமோ ஒரு தடவை குடிக்கும் தேநீரில் இரண்டு கரண்டி போடுகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர் என்றால் நாற்பது ஐம்பது கிராம். இடையில் ஒரு சோடாவைக் குடித்தால் இன்னும் முப்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியில் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், ஐந்து வீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நல்லது என்றும் கூறியது. அது உச்ச வரம்பு. குறைந்தது இவ்வளவாவது உண்ணுங்கள் என்று எந்த வழிகாட்டலிலும் எழுதப்படவில்லை.

அப்படியானால் சீனி இல்லாவிட்டால் சக்தி இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நாவுக்கு அது பிடித்திருப்பது முதற் காரணம். தாய்ப்பாலே இனிப்பாக இருக்கும்போது அதில் வியப்பில்லை. இரண்டாவது காரணம் வியாபாரம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1927 இல் மருந்துக்கடைக்காரர் ஒருவர் நோயாளிகளுக்கென ஒரு குளுக்கோசுப் பானத்தைத் தயாரித்தார். பின்னர் லூக்கோசேட் என்று உலகமெல்லாம் அறியப்பட்டது அதுதான். நோயிலிருந்து மீள உதவும் என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தார்கள். 1983 இல் விளம்பரம் மாறியது: இழந்த சக்தியை மீட்டுத் தருமாம். நோயாளியின் கட்டிலருகே இருந்த போத்தல் விளையாட்டு மைதானத்துக்கு இடம் பெயர்ந்தது. உள்ளே இருந்தது அதே இனிப்புத்தான்.

மூன்றாவது கதை இன்னும் கசப்பானது. 1960களில் மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. கொழுப்பா, சீனியா? லண்டனில் பேராசிரியர் ஜோன் யுட்கின் சீனியைச் சுட்டினார். அமெரிக்கச் சீனி உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சி அமைப்பு 1965 இல் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு 6,500 டொலர் கொடுத்து ஒரு மீளாய்வுக் கட்டுரைக்கு ஏற்பாடு செய்தது. 1967 இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளிவந்த அக்கட்டுரை, பழியைக் கொழுப்பின் மீது போட்டுச் சீனியை ஏறக்குறைய விடுவித்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. கடிதங்கள் பழைய கோப்புகளில் இருந்து வெளிவந்து விடயம் அம்பலமானது 2016 இல். அக்காலத்தில் அப்படி அறிவிக்க வேண்டுமென்ற விதி அந்த இதழில் இருக்கவில்லை என்பதையும், மிருகக் கொழுப்புக் குற்றமற்றது என்று இதனால் ஆகிவிடாது என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும்.

"யார் பணம் கொடுத்தார்கள்?" என்பது பத்திரிகையாளன் கேட்க வேண்டிய முதற் கேள்வி. நான் அதைக் கேட்காத ஒரு சந்தர்ப்பத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

1980களின் நடுப்பகுதி. ஒரு வார இதழின் பக்கங்களை நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நிரப்புவது என்ற சொல்லையே வேண்டுமென்று பயன்படுத்துகிறேன். சனிக்கிழமை மாலை பக்கம் கட்டும்போது எங்காவது ஆறு அங்குலம் இடைவெளி விழும். அதற்கென்று மேசை இழுப்பறையில் துணுக்குகள் வைத்திருப்பேன். அவற்றில் ஒன்று இனிப்புப் பான விளம்பரத்தோடு ஒட்டி வந்த ஒரு தாள். வளரும் பிள்ளைகளுக்கும் மூளை உழைப்பாளிகளுக்கும் சீனி இன்றியமையாதது, அதுவே உடனடிச் சக்தி என்று அதில் இருந்தது. தமிழைத் திருத்தி, "அறிந்துகொள்ளுங்கள்" என்ற தலைப்பில் போட்டேன். எழுதியவர் பெயர் இல்லை. ஆதாரம் இல்லை. சுகாதாரப் பக்கம் என்ற மதிப்பு மாத்திரம் இருந்தது.

அடுத்த வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. வெளியூர் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றிய வைத்தியர் எழுதியிருந்தார். கையெழுத்து வைத்தியர்களுக்கே உரியது. வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. உடம்புக்குத் தேவை குளுக்கோசே அன்றிச் சீனி அல்ல, அதை உடம்பு சோற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தங்கள் துணுக்கை வெட்டி வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்து வாதாடுகிறாள், திருத்தம் போடுங்கள் என்பதே அதன் சாரம். நான் அதைப் பிரசுரிக்கவில்லை. அந்த வாரம் அரசியல் செய்திகள் குவிந்திருந்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளம்பரம் தருபவரோடு ஏன் வம்பு என்ற எண்ணமும் இருந்தது. அதை இத்தனை காலத்துக்குப் பிறகு மறைப்பதில் பயனில்லை. எவரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகவே அட்டையை இழுப்பறைக்குள் போட்டேன். இடப்பெயர்வுகளில் அந்த மேசையும் போய்விட்டது.

என் நீரிழிவுக்கு அந்தத் துணுக்கு காரணம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரை உண்டு. உட்கார்ந்த வேலை உண்டு. மலைபோல் வெள்ளைச் சோறு உண்ட பழக்கமும் உண்டு. ஆனால் அந்தத் தாய் எந்தப் பிள்ளைக்காக வாதாடினாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த வார இதழ் எத்தனை வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டது என்பதும் தெரியாது.

சீனி குறைந்தால் மனிதருக்கு என்ன நேரும் என்பதற்குச் சரித்திரமே ஒரு பரிசோதனையைச் செய்து வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவில் 1940 ஜனவரியில் தொடங்கிய சீனிப் பங்கீடு 1953 செப்ரெம்பரில்தான் முடிவுற்றது. பங்கீட்டுக் காலத்தில் ஒருவரின் நாளாந்தச் சீனி ஏறத்தாழ நாற்பது கிராம். முடிந்ததும் அது சட்டென இரட்டித்தது. மற்ற உணவுகளில் அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. பங்கீடு முடிவதற்குச் சற்று முன் கருவில் உருவானவர்களையும் பின் உருவானவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024 இல் வெளிவந்தது. வாழ்வின் தொடக்கத்தில் சீனி குறைவாகக் கிடைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்புச் சுமார் 35 வீதமும், உயர் குருதி அமுக்கம் ஏற்படும் வாய்ப்புச் சுமார் 20 வீதமும் குறைவாக இருந்ததாம். கருவிலும் மழலையிலும் சீனி குறைந்ததால் அவர்களுக்கு மூளை மந்தித்ததாகவோ எலும்பு வளராததாகவோ அல்ல, நோய் குறைந்ததாகவே அந்த ஆய்வு பேசுகிறது.

பங்கீடு என்றால் என் தலைமுறைக்கும் தெரியும். 1970களில் கூப்பனுக்கு அளந்து தந்த சீனி மாதம் முடிய முன்பே முடிந்துவிடும். பின்னர் 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் சீனி பொன்னாயிற்று. இடது உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, வலது கையில் வெறும் தேநீர். ஒரு கடி, ஒரு மிடறு. ஒரே துண்டை மூன்று மிடறுக்குக் கடிப்பவனும் உண்டு, முதல் மிடறிலேயே விழுங்கிவிட்டு மற்றவன் கையைப் பார்ப்பவனும் உண்டு. அந்த வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். இதை வைத்து யாரும் நான் தடையைப் புகழ்வதாக எண்ணிவிடக் கூடாது. அன்று சீனியோடு சேர்ந்து மருந்தும் பால்மாவும் வராமற் போயின. அவற்றால் போன உயிர்களுக்குக் கணக்கில்லை. சீனி இல்லாமல் போனதால் மாத்திரம் எவரும் படிப்பை இழக்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

பனங்கட்டி என்றதும் ஊர்ப்பற்றாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். "சீனிதான் நஞ்சு, எங்கள் பனங்கட்டி மருந்து" என்ற கூற்றை அண்மைக் காலத்தில் அடிக்கடி கேட்கிறேன். பனங்கட்டியின் மணத்துக்கும் சுவைக்கும் நான் அடிமை. பனைத் தொழிலாளரின் வயிறு நிறைய வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசே. சிறிதளவு கனியுப்புக்கள் கூட உண்டு, அவ்வளவுதான். கித்துள் கருப்பட்டியும் தேனும் இதே வழக்கில் சேர்ந்த எதிரிகள். சதையி ஊர்ப்பற்றுப் பார்ப்பதில்லை. முழுப் பழம் வேறு. அதில் நாரும் நீரும் இருப்பதால் இனிப்பு மெல்லவே இறங்கும். நான்கு தோடம்பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பதும், ஒரு பழத்தைச் சுளை சுளையாக உண்பதும் ஒன்றல்ல.

மறுபுறத்துத் தீவிரவாதிகளையும் விட்டுவிடக் கூடாது. சீனியைத் தொட்டால் சாவு என்று பேசுவோர் பெருகிவிட்டனர். என்னோடு பணிபுரிந்த ஒப்புநோக்குநர் ஒருவர் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். ஒரு நாள் மதியச் சாப்பாடு பிந்திவிட்டது. வியர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. சரியான சொல்லை வெட்டிப் பிழையான சொல்லைப் போட்டுக்கொண்டிருந்தார். சீனி கரைத்த தண்ணீரை நீட்டியபோது "எனக்குச் சீனி வருத்தம், தராதேங்கோ" என்று தள்ளினார். பலவந்தமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து, தான் வெட்டிய சொற்களைத் தானே திரும்பச் சேர்த்தார். மருந்தினால் குருதிக் குளுக்கோசு தாழும்போது மூன்று தேக்கரண்டி சீனி உயிர் காக்கும். அதனால்தான் என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ரொபி இருக்கும்.

வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியும் அப்படியே. குடலின் சுவரில் குளுக்கோசு கைபிடித்து அழைத்துப் போனால்தான் உப்பு உள்ளே போகிறது, உப்போடு தண்ணீரும் போகிறது. 1971 இல் வங்காள அகதி முகாம் ஒன்றில் சேலைன் முடிந்துபோன நிலையில், வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்துக் கொலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. இங்கெல்லாம் அது மருந்து. மருந்தை நாளுக்கு ஐந்து வேளை தேநீரில் போட்டுக் குடிப்பது எவர் விதித்த வைத்தியம்?

இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2018-2019 காலத்து நாடளாவிய ஆய்வு காட்டியது. அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2016 இல் இனிப்புப் பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. 2017 நவம்பரில் பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி வந்தது. பிறகு 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான வரி கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறக்கப்பட்டது. வரி இறங்கியது, கடையில் விலை இறங்கவில்லை. மறுவருடம் சீனிப் பதுக்கலைச் சொல்லி அவசரகால விதிகளே வந்தன. அந்த நாட்களில் வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்த எவருக்கும், இது உடம்பு கேட்காத ஒரு பொருள் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். சொல்லியிருந்தால் அடித்தும் இருப்பார்கள்.

வீட்டு விருந்தோம்பல் அரசாங்க வரியை விடப் பலமானது. சீனி குறைந்த தேநீர் கொடுத்தால் வந்தவரை மதிக்கவில்லை என்று பொருள். என் மருமகளின் முகம் வாடியது மூளையை நினைத்து அன்று, மாமாவை வெறுங்கையோடு அனுப்புவதுபோல் தோன்றியதால் என்று பிறகுதான் விளங்கியது.

ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். சிறுமியிடம் அந்தக் கொப்பியைக் கேட்டேன். தேடி எடுத்து வந்தாள். உருண்டையான கையெழுத்தில், "மூளையின் பிரதான சக்தி முதல் குளுக்கோசு ஆகும்" என்று எழுதியிருந்தது. சீனி என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. தாய் கொப்பியை வாங்கி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

"அப்ப குளுக்கோசும் சீனியும் ஒண்டில்லையே மாமா?"

மேலே எழுதியதை எல்லாம் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். சிறுமி கைப்பேசியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ஸ்போர்ட்ஸ் மீற்றிலை தாற குளுக்கோசு?" என்றாள். நூறு மீற்றர் ஓடுவதற்குத் தேவையானதைப்போல் பல மடங்கு ஏற்கெனவே உன் கால் தசையிலேயே இருக்கிறது, இரண்டு மணித்தியாலம் நிற்காமல் ஓடினால்தான் அது தீரும் என்றேன்.

சிறிது யோசித்தாள். "எண்டாலும் நல்லா இருக்கும் தாத்தா."

அதை நான் மறுக்கவில்லை. மருமகள் எனக்கு வெறும் தேநீரும், அவளுக்கு ஒரு கரண்டிச் சீனி போட்டதும் கொண்டு வந்தாள். முன்பு இரண்டு கரண்டி போடுவாளாம்.